தலை மாறிய வண்டி

விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கிக்கொண்டு வேதாளம் சொன்ன கதைகளில் ஒன்று சிறு வயது முதல் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒருத்தியின் புருஷனும் சகோதரனும் காளி கோயிலில் தலையை வெட்டிக்கொண்டு விழுகிறார்கள். தேவி மனமிரங்கி, தலைகளை உடல்களோடு சேர்த்து வை, உயிர் வரும் என்கிறாள். பதற்றத்தில் அந்தப் பெண் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். உயிர் வந்துவிடுகிறது. இப்போது இருவரில் எவன் அவள் புருஷன்? தலை எவனுடையதோ அவன்தான் என்று விக்கிரமாதித்தன் சொல்லிவிட்டான். வேதாளமும் ஒப்புக்கொண்டு முருங்கை மரத்துக்குப் போய்விட்டது. எனக்குத்தான் திருப்தி இல்லை.

சென்ற மாதம் புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு மோட்டார் பட்டறையில் நின்றபோது அந்த வேதாளம் மறுபடி வந்து என் தோளில் ஏறிக்கொண்டது.

சிநேகிதர் ஒருவரின் தகப்பனார் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றி வந்த ஜீப் அது. மகிந்திரா செய்தது; சி.ஜே. 3பி என்று பெயர். பின்பக்கக் கூட்டை எடுத்துவிட்டுப் பிக்கப்பாக ஆக்கியிருந்தார்கள். பெரியவர் காலமானபின் பல வருஷம் தென்னை மரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்தது. பிள்ளை அதற்குப் பச்சை வர்ணம் அடித்து, பழைய மாதிரியே விளக்கு, பழைய மாதிரியே ஸ்டீயரிங் எல்லாம் வைத்து நிறுத்தியிருந்தார். பார்க்கப் பரவசமாகத்தான் இருந்தது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே கம்ப்யூட்டர் சொற்படி டீசல் குடிக்கும் இக்காலத்து எஞ்சின்!

இதைக் கேட்டதும் பழைய வண்டிகளைச் சேகரிக்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆதி எஞ்சின் இல்லாவிட்டால் அது பொம்மை என்பது அவர்கள் கட்சி. எனக்கு அந்தக் கட்சியில் சேர முடியவில்லை. காரணம் அந்த ஜீப்பின் மூக்கிலேயே இருக்கிறது.

சி.ஜே. 3பி-யின் பானெட் மற்ற ஜீப்புகளுக்கு இருப்பதைவிட உயரம். யுத்த காலத்து ஜீப்பில் இருந்தது ‘கோ டெவில்’ என்ற 60 குதிரைச் சக்தி எஞ்சின். தாழ்ந்த பானெட்டுக்குள் அடங்கிவிடும். பிற்பாடு வில்லிஸ் கம்பெனிக்காரர்கள் அதே 2.2 லிட்டர் எஞ்சினில், காற்று உள்ளே வரும் வால்வைப் பக்கத்திலிருந்து தூக்கித் தலைமேல் வைத்தார்கள். ‘ஹரிக்கேன்’ என்று பெயர் மாறியது. சக்தி எழுபதைத் தாண்டியது. எஞ்சினின் உயரமும் கூடிவிட்டது. பழைய பானெட் மூட மறுத்தது. ஆகவே 1953-இல் பானெட்டையே உயர்த்திக் கட்டினார்கள். இன்றைக்கு ரசிகர்கள் ‘ஆதி ரூபம்’ என்று கும்பிடுகிற அந்த முகமே ஓர் எஞ்சின் மாற்றத்தின் தழும்பு!

அதோடும் நிற்கவில்லை. 1979-இல் மகிந்திரா கம்பெனி பிரான்சின் பெஜோவிடம் உரிமை வாங்கி, எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் எஞ்சினைச் செய்யத் தொடங்கியது. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் அகலம் என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். பெட்ரோல் ஜீப் வைத்திருந்த எத்தனையோ பேர் வண்டியை டீசலுக்கு மாற்றிக்கொண்டார்கள். 1954-இல் புதுச்சேரியை விட்டுப் போன பிரெஞ்சுக்காரர்கள் இருபத்தைந்து வருஷம் கழித்து அமெரிக்க வண்டியின் வயிற்றுக்குள் புகுந்து பம்பாய் வழியாகத் திரும்பி வந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஊர்க்காரர் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கடற்கரைச் சாலையில் இருக்கும் மேரி கட்டடத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே முகத்தோடு புதிதாகக் கட்டி 2021-இல் திறந்துவிட்டார்கள். அதன் எதிரே நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் யாரும் ஏமாந்ததாக நினைப்பதில்லை. இடிந்ததும் கட்டியதும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அந்தத் ‘தெரிந்த விஷயம்’ என்ற இடத்தில்தான் என் சிநேகிதரோடு எனக்குச் சண்டை. புது எஞ்சினின் மேல் பழைய கார்புரேட்டருக்குரிய காற்று வடிகட்டியை, அந்த உருண்டைக் குண்டானை, சும்மா உட்கார வைத்திருந்தார். ஒரு குழாயும் அதற்குள் போகவில்லை. பானெட்டைத் திறந்து சட்டென்று எட்டிப் பார்க்கிறவன் பழசு என்று நம்பிவிட வேண்டுமாம்.

புதுமைப்பித்தன் 1943-இல் ‘சாபவிமோசனம்’ எழுதினார். அகலிகையின் பழைய உடலுக்குள் முற்றிலும் புதிய எஞ்சின். ஆனால் கதையின் தலைமாட்டிலேயே, ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம் என்று குறிப்பு எழுதிவிட்டுத்தான் ஆரம்பித்தார். பொய்க் குண்டான் எதையும் மேலே வைக்கவில்லை. கதை இன்றும் ஓடுகிறது.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. பட்டறை மேஸ்திரியிடம் பிரேக்கைப் பற்றிக் கேட்டேன்.

“பழைய டிரம் பிரேக்குதான் சார். லைனிங் மட்டும் மாத்தியிருக்கேன். டிஸ்க் போடலாம்னு சொன்னேன். பெயின்டுக்கே பணம் போயிடிச்சுன்னு சொல்லிட்டாரு.”

சிநேகிதர் கடைக்குள் டீ வாங்கப் போனவர் போல நகர்ந்துவிட்டார்.

மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி 80-இல் போனால், பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு இரண்டு மடங்கு தூரம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நாலு மடங்கு வேண்டும். பழைய எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு போன வேகத்துக்குச் செய்த பிரேக் அது. புதிய எஞ்சினோ திண்டிவனம் ரோட்டில் லாரிகளை முந்தும். கியர் பாக்ஸை மாற்றினார்கள், அதற்குத் தகுந்தபடி பிராப்பல்லர் ஷாஃப்டை வெட்டிச் சேர்த்தார்கள், ரேடியேட்டரைப் பெரிதாக்கினார்கள். வண்டி ஓடுவதற்கு வேண்டிய எல்லாம் நடந்திருக்கிறது, நிற்பதற்கு வேண்டியதைத் தவிர. நல்ல ஆரம்பம் எழுதிவிட்டு முடிக்கத் தெரியாமல் தவிக்கும் தொடர்கதைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். சிலவற்றை எழுதியும் இருக்கிறேன். அவற்றால் யாரும் சாவதில்லை.

சட்டத்தின் நிலை வேறு. உற்பத்தி செய்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது, எஞ்சினை மாற்றுவதானால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. சிநேகிதர் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். அவருக்கு முதலில் வேறோர் ஆசை இருந்தது. 2021-இல் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்று இருக்கும். அதற்கு வண்டிக்கு ஐம்பது வயது கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், கூடு, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பட்டம் கிடைத்தபின் அன்றாடக் காரியத்துக்கோ வாடகைக்கோ அதை ரோட்டில் ஓட்டக் கூடாது.

விதியை நான் குறை சொல்லவில்லை. ஓலைச்சுவடியை பஸ்ஸில் வைத்துப் படிக்க முடியாதுதான். ஆனால் இது மூட்டை சுமக்கப் பிறந்த வண்டி. பழைய எஞ்சினை வைத்துக்கொண்டால் கௌரவம் உண்டு, வேலை கிடையாது. புதிய எஞ்சினை வைத்தால் வேலை உண்டு, கௌரவம் கிடையாது. பெரியவர் இருந்திருந்தால் எதைக் கேட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளையின் தேர்வும் அதுவே. அந்த மட்டில் அவர் பக்கம்தான் நான்.

வேதாளத்துக்குச் சட்டம் சொல்லும் பதிலும் விக்கிரமாதித்தன் சொன்னது அல்ல. ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் இருக்கின்றன. அனுமதியோடு எஞ்சின் மாறினால் எஞ்சின் நம்பரைத் திருத்தி எழுதுவார்கள். வண்டி அதே வண்டிதான். அதாவது தலை போனாலும் உடல்தான் புருஷன்! இந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நெல் மூட்டையின் பாரத்தை நாற்பது வருஷம் தாங்கியது அந்த இரும்புச் சட்டம்தானே.

இதையெல்லாம் டீ குடித்துக்கொண்டே சிநேகிதரிடம் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய்க் குண்டானைக் கழற்றித் தரையில் வைத்தார்.

“மேஸ்திரி, டிஸ்க் பிரேக் போட எத்தனை நாள் ஆகும்?”

“சாமான் வந்துட்டா நாலு நாளு சார். அதுவரைக்கும் வண்டி இங்கேருந்து நகராது. நானே சாவி தரமாட்டேன். ஆனா அந்தப் பழசை என்ன செய்யறது? ரெண்டு மாசமா இடத்தை அடைச்சிக்கிட்டுக் கிடக்கு. காயலான் கடைக்காரரு எடைக்குக் கேக்கறாரு.”

மூலையில் இரண்டு டயர்களின் மேல் சாக்குப் போர்த்திக் கிடந்தது ஹரிக்கேன்.

“அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாலு நாள் கழித்து செயின் பிளாக்கில் தூக்கி இந்த வண்டியிலேயே ஏற்றிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்” என்றார் சிநேகிதர்.