யாழைப் பழித்தவள் ஊரில் ஒரு முனகல்

வேதாரண்யத்து அம்மனுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அவள் குரலுக்கு யாழ் தோற்றுப்போனதால், அந்தக் கோயில் சரஸ்வதி வீணையில்லாமல் சுவடியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் வால்வு ரேடியோ ‘ம்ம்ம்’ என்று முனகினால் சும்மா விடலாமா?

முனகலுக்கும் சுருதி உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ரெக்டிபயர் வால்வு அலையின் இரு பாதியையும் ஒரே பக்கம் திருப்புவதால் அது 100 ஆகிறது: கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டை, இழையளவு தூக்கல். ஐந்து கட்டைப் பாடகிக்கு இது பாதகத் தம்பூரா! இந்தச் சுருதி கேட்டால் முதலில் பவர் சப்ளை கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும், உள்ளே காய்ந்திருக்கும். இன்னும் ஒரு ஸ்தாயி இறங்கி 50-ல் உறுமினால், பெரும்பாலும் ஹீட்டர் ஒயரோ கிரிட் ஒயரோதான். (டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி-டிசி செட்டில் அரை அலை மட்டுமே, அங்கே இந்தக் கணக்கு செல்லாது. அதன் சேசிஸில் ஷாக்கும் அடிக்கும்.)

நல்ல கை உடனே பற்றவைப்புக் கோலை எடுக்காது. வால்யூமை முழுக்கக் குறைக்கும். முனகல் அப்படியே இருந்தால் குற்றம் சர்க்யூட்டில் குமிழுக்குப் பின்னால், அடங்கிவிட்டால் முன்னால். பாதி வேலை முடிந்தது.

இந்த ஊருக்கென்றே ஒரு நோய் உண்டு. ராஜாஜி 1930-ல் உப்பெடுத்துக் கைதான மண் இது. அந்த உப்புக்காற்று சேசிஸையும் விடாது. எர்த் திருகுக்கடியில் துரு ஏறினால் புதுக் கண்டென்சரும் வீண். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திருகை இறுக்கினால் போதும். காசு செலவில்லாத இந்த வைத்தியம்தான் எனக்கு மிகப் பிடித்தது.

இன்னொன்று தந்திரக்காரன். ராத்திரி, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் ரேடியோ மௌனமாக இருக்கும். கோடியக்கரைக்கு அக்கரையிலிருந்து வரும் இலங்கை வானொலியில் முள் நின்றதும், பாட்டோடு ஒட்டிக்கொண்டு உறுமல் வரும். வானொலி அலை மின்கம்பி வழியாகவும் நுழைய, ரெக்டிபயர் அதை நறுக்கி நறுக்கி விடுகிறது. இதற்குப் பெரிய கண்டென்சர் உதவாது. மின் நுழைவாயிலில், அந்த வோல்டேஜைத் தாங்கும் பொடிக் கண்டென்சர் ஒன்று போதும்.

எங்கே நிறுத்துவது? வால்யூம் பூஜ்யத்தில், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் கேட்கக் கூடாது. ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டினால் லேசாகக் கேட்கட்டும். அதையும் விழுங்கவைக்க ரெக்டிபயரை அடுத்த முதல் கண்டென்சரைப் பல மடங்கு பெரிதாக்குகிறார்கள் சிலர். சுவிட்ச் போடும்போதெல்லாம் ரெக்டிபயர் வால்வுக்குத்தான் உயிர் போய் உயிர் வரும்.