லினக்ஸைத் தமிழில் படிக்க: எந்தப் பாடத்தை நம்பி ஆரம்பிக்கலாம்?



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகள் நம் ஜொகூர் வீடுகளிலும் பள்ளிகளிலும் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. "உபுண்டு போட்டுப் பாருங்க, இலவசம்தானே" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். போடுவது பெரிய வேலை இல்லை. யூ.எஸ்.பி.-யிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். அதுக்கப்புறம் எதை வைத்துப் படிப்பது என்பதுதான் சிக்கல். தமிழில் பெயர் சொல்லும்படி இரண்டு வளங்கள் உள்ளன. இரண்டையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் இங்கே பார்க்கிறேன்: கணினித் திரை மாறிய பிறகும் இந்தப் பாடம் நிற்குமா?

முதலாவது, மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம். சுமார் பத்து நிமிடக் காணொளிகள். திரையில் செய்து காட்டுவார்கள், பின்னணியில் தமிழ்க் குரல் விளக்கும். நிறுத்தி நிறுத்தி, நாமும் பக்கத்தில் செய்துகொண்டே போகலாம். பேசியதன் எழுத்து வடிவமும் நேரக் குறிப்போடு தமிழில் கிடைக்கிறது. வகுப்புக்கு இது பெரிய உதவி: கேட்டுப் புரியாத மாணவர் படித்துப் பார்த்துக்கொள்வார்.

குறை எங்கே என்றால், லினக்ஸ் பாடங்களில் பழையவை உபுண்டு 10.10-ஐக் காட்டுகின்றன. அது 2010 அக்டோபரில் வந்த பதிப்பு. மேலே 'அப்ளிகேஷன்ஸ், பிளேசஸ், சிஸ்டம்' என்று மூன்று பட்டியல்கள் இருக்கும். 2011-இல் 'யூனிட்டி' வந்து அந்த முகப்பை மாற்றியது. 2017-இல் அதுவும் போய்ப் புதிய 'குனோம்' வந்தது. இன்று உபுண்டு 24.04 போட்ட மாணவர், "சிஸ்டம் பட்டியலைச் சொடுக்குங்கள்" என்று கேட்டதும் எதைத் தேடுவார்? தன் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார். அங்கேயே ஆர்வம் போய்விடும். ஆகவே மேசைத்தளப் பாடத்தை முதல் நாளே போட்டுக் காட்டாதீங்க.

அதே வரிசையில் இருக்கும் அடிப்படைக் கட்டளைப் பாடங்களின் கதை வேறு. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்.எஸ்.', நகலெடுக்கும் 'சி.பி.', சொல் தேடும் 'கிரெப்' எல்லாம் அன்று போலவே இன்றும் வேலை செய்கின்றன. கறுப்புத் திரையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். ஆனால் காலம் தாண்டி நிற்பது அதுதான்.

இரண்டாவது, து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்', இரண்டு பாகங்கள். 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழோடு சேர்ந்து வளர்ந்த நூல் இது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கட்டளைகளுக்கு முக்கியத்துவம் தருவதால் என் கேள்விக்கு இது நன்றாகவே ஈடு கொடுக்கிறது. தமிழும் மிரட்டாத தமிழ். ஆனால் நம் பாடத்திட்டத்தை மனதில் வைத்து எழுதியதல்ல. அந்தப் பாலத்தை ஆசிரியர்தான் போடணும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கோப்பு அனுமதிகளை மாற்றும் 'சி.எச்.மோட்' கட்டளையில் 754 என்று ஓர் எண் கொடுப்போம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. அப்படியானால் 7 என்றால் உரிமையாளருக்கு மூன்றும் உண்டு. 5 என்றால் குழுவினர் படிக்கலாம், இயக்கலாம். 4 என்றால் மற்றவர்கள் படிக்க மட்டும். இரும எண்ணில் எழுதினால் 111, 101, 100. கீழ்ப்படிவங்களின் அடிப்படைக் கணினி அறிவியலில் இரும எண்ணையும் எண்ம எண்ணையும் மாற்றி மாற்றிக் கணக்குப் போடுகிறார்களே, அது எதற்கு என்று இந்த ஒரு கட்டளை காட்டிவிடும். பயிற்சித் தாளில் பத்துக் கணக்குப் போட்டும் வராத தெளிவு, பூட்டிய கோப்பு ஒன்று திறக்கும்போது வரும்.

கலைச்சொற்களில் கவனம் வேண்டும். ஓரிடத்தில் 'கோப்புறை', இன்னோரிடத்தில் 'அடைவு', வேறோரிடத்தில் 'கோப்பகம்'. மாணவர் மூன்றையும் மூன்று பொருள் என்று எண்ணிவிடலாம். தேர்வில் விடையை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் எழுதப்போகிறார். தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் அந்த இரண்டையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் புரிந்துகொண்டு வேறு மொழியில் எழுதுவது நம் பிள்ளைகளுக்குப் பழகின வேலைதான்.

நம் ஊர் ஆசிரியருக்கு முதலில் தேவைப்படுவது தமிழில் தட்டச்சு செய்வது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் பழகியவர்கள் இங்கே அதிகம். உபுண்டுவில் 'ஐபஸ்' என்ற உள்ளீட்டு நிரலோடு 'எம்17என்' தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்புமுறை என இரண்டுமே கிடைக்கும். அஞ்சல் பழகிய கைக்கு ஒலிப்புமுறை சீக்கிரம் பிடிபடும். மலேசிய ஆசிரியரை மனதில் வைத்து இதை ஒரு பாடமாக யாராவது செய்யணும்.

மேலே சொன்ன இரண்டு வளங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை. உரிமத்தின் நிபந்தனையைப் படித்து, மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டு, வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். தட்டச்சுப் பாடத்தைச் செய்ய உங்களில் யாராவது முன்வந்தால் பத்து நிமிடம் போதும். எந்த உபுண்டு பதிப்பில் செய்து காட்டுகிறீர்கள் என்பதை மட்டும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.