இணையப்பக்கம் கற்பிக்கும் ஒரு தொடக்க நூல்

ஒரு கலையைப் புதிதாகக் கற்கப் புகுவோன் கையிற்கொள்ளும் முதல் நூல் எத்தகையதாயிருத்தல் வேண்டும்? அவன் அக்கலையில் ஒன்றும் அறியாதவன். நூல் கூறுவது சரியோ பிழையோ என்று துணியும் ஆற்றல் அவனிடத்தில் இல்லை. புலவர்க்கென எழுதிய நூலிற் குறையிருப்பின் புலவர் அதனைக் கண்டுகொள்வர். மாணாக்கனுக்கென எழுதிய நூலிற் குறையிருப்பின் அது மாணாக்கன் குறையாகவே எண்ணப்படும். "எனக்கு இதற்குரிய மூளையில்லை" என்று அவன் புத்தகத்தை மூடிவைப்பான். ஆதலின், கதைகளையும் காவியங்களையும் ஆராய்வது போலவே தொடக்க நூல்களையும் ஆராய்தல் அவசியமாகிறது.

ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது, ஜான் டக்கெட் என்பார் ஆங்கிலத்தில் இயற்ற, வைலி நிறுவனத்தார் 2011-ம் ஆண்டில் வெளியிட்ட "எச்.டி.எம்.எல். அண்ட் சி.எஸ்.எஸ்." என்னும் நூல். இணையப்பக்கம் ஆக்கும் முறையை ஏதுமறியாதார்க்கு அடியிலிருந்து கற்பிப்பதே இதன் நோக்கம். இன்றும் பலர் தம் முதல் நூலாகக் கைக்கொள்வது இது.

இணையப்பக்கம் என்பது யாது? அஃது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பேயாம். அதில் எழுதிய செய்தியின் ஒவ்வொரு பகுதியையும் இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று குறியிட்டுக் காட்டுவது எச்.டி.எம்.எல். எனப்படும் குறிமொழி. அவ்வாறு குறியிட்டவற்றுக்கு நிறமும் அளவும் இடமும் வகுப்பது சி.எஸ்.எஸ். என்னும் மற்றொரு மொழி. முன்னது பொருளைக் கூறும். பின்னது தோற்றத்தைக் கூறும். செக்ரோலில் ஒரு பெயரைச் சிவப்பு மையாற் பெரிதாக எழுதிவிட்டால் அது தலைப்பாகிவிடாது. தலைப்புக்குரிய கட்டத்தில் எழுதினாற்றான் தலைப்பாகும். எழுத்துப் பெரிதாகத் தோன்ற வேண்டுமென்பதற்காகவே தலைப்புக் குறியை இடுவோன் இந்த வேற்றுமையை உணராதவன். கண்பார்வையற்றார்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் கருவி, தலைப்புக் குறிகளையே வழிகாட்டியாகக் கொண்டு செல்கிறது. பொய்த் தலைப்பு அவர்களை வழி மயங்கச் செய்யும்.

இக்கலை பணமுடையார்க்கு மட்டும் உரியதன்று. 1989-ம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சிச் சாலையில் இதற்கு வித்திட்டார். அச்சாலையார் 1993-ம் ஆண்டு ஏப்ரல் 30-ம் நாள் இதனை உலகத்தார் யாவர்க்கும் பொதுவாக்கினர். அனுமதிக் கட்டணம் கிடையாது. ஒரு பழைய கணினியும், அதிலேயே உள்ள நோட்பேடும், ஓர் உலாவியும் இருந்தாற் போதும். தோட்டத்துப் பிள்ளைக்கும் இக்கதவு திறந்தே கிடக்கிறது. ஆயினும் உள்ளே அழைத்துச் செல்லும் நூல் தக்கதாயிருத்தல் வேண்டுமன்றோ?

நூலின் சிறப்புக்களை முதலிற் கூறுவோம். தொழில்நுட்ப நூலென்றால் நெருக்கிய கறுப்பெழுத்தும் மிரட்டும் கலைச்சொற்களும் என்றிருந்த வழக்கத்தை டக்கெட் உடைத்தார். வண்ணப் பக்கங்கள், ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள், எழுதிய குறிமொழியும் அதனால் விளையும் தோற்றமும் அருகருகே. அதிகார முடிவில் ஓர் உதாரணமும் சுருக்கமும் உள. பிறர் பக்கங்கள் எவ்வாறு ஆக்கப்பட்டிருக்கின்றன என்பதை உலாவியிலேயே திறந்து பார்க்கலாம் என்று தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். இஃது அரிய உபதேசம். எந்தத் தொழிலாளி தன் பட்டறையை இப்படித் திறந்து காட்டுவான்? படத்தை இடும்போது அதனைக் காணவியலாதார் பொருட்டு ஒரு விளக்கச் சொல்லும் எழுதுக என்று கற்பிப்பதும் போற்றத்தக்கது.

இனிக் குறைகளைக் காண்போம்.

முதலாவது, காலத்தால் நேர்ந்த குறை. நூலில் 'பிளாஷ்' என்னும் கருவிக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனை வெளியிட்டுவந்த அடோபி நிறுவனத்தார் 2020-ம் ஆண்டு டிசம்பர் 31-ம் நாளோடு அதற்கு ஆதரவளிப்பதை நிறுத்திவிட்டனர். பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்க 'புளோட்' என்னும் முறையும், 960 பிக்ஸல் அகலமுள்ள கட்டமைப்பும் கற்பிக்கப்படுகின்றன. மேசைக் கணினிக்கு அவை பொருந்தும். இன்று தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவர் இணையத்தைக் காண்பது பெரும்பாலும் கைப்பேசியிலன்றோ? 960 பிக்ஸலுக்கென வெட்டிய சட்டை அச்சிறு திரைக்கு எப்படிப் பொருந்தும்? 2017-ம் ஆண்டில் முக்கிய உலாவிகளில் இடம்பெற்ற 'கிரிட்' முறை, 2011-ம் ஆண்டு நூலில் இல்லாமை இயல்பே. இதற்கு ஆசிரியரை நோவதிற் பயனில்லை. பழைய பஞ்சாங்கத்தை இவ்வாண்டுக்கு வைத்துப் பார்ப்பவன்மீதே குற்றம்.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் கணக்குத் தவறினால், மாத முடிவிற் கூட்டுத்தொகை ஒத்துவராமல் அதுவே தவற்றைக் காட்டிக்கொடுக்கும். உலாவியோ அவ்வாறு செய்யாது. குறியை மூட மறந்தாலும், அது தானே ஊகித்து ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டிவிடும். சாய்வெழுத்துக் குறி மூடப்படாவிடின் அதன் பின் வருவனவெல்லாம் சாய்ந்துவிடும். சி.எஸ்.எஸ்.ஸில் இரண்டு கட்டளைகளுக்கிடையே ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் இரண்டுமே பயனற்றுப்போம். பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் தோன்றாது. பயில்வோன் திகைத்து நிற்பது இவ்விடத்தில்தான். சரியானதை அழகுறக் காட்டுவதிலேயே கருத்துடைய நூல், தவறு எப்படித் தோன்றும், அதனை எவ்வாறு தேடுவது என்பவற்றுக்குத் தக்க இடம் தரவில்லை. உதாரணத்தைப் பார்த்து எழுதுவோன் படியெடுப்போன். தன் பிழையைத் தானே கண்டு திருத்துவோனே கற்றவன். இவ்விருவர்க்குமுள்ள தூரத்தைக் கடக்க நூல் கைகொடுத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, நம் மொழி பற்றியது. இந்நூல் ஆங்கிலம் எழுதுவோரை நோக்கி எழுதப்பட்டது, அது குற்றமன்று. ஆனால் தமிழிற் பக்கம் ஆக்க விரும்புவோன் நூலுக்கு வெளியே அறிய வேண்டுவன சில உள. பக்கத்தின் தலைப்பகுதியில், எழுத்து யூ.டி.எஃப்.-8 முறையிலமைந்தது என்று 'மெட்டா' குறியால் அறிவித்தல் வேண்டும். அம்முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. அறிவிப்பு இல்லையேல், உலாவி வேறு முறையென்று கருதி, தமிழுக்குப் பதிலாக விளங்காத ஐரோப்பிய எழுத்துக் குவியலைக் காட்டக்கூடும். 'லாங்' என்னும் பண்புக்கு 'டி.ஏ.' என்று மதிப்பிட்டால் பக்கம் தமிழிலுள்ளது என்பது தெரியவரும். படித்துக்காட்டும் கருவி தமிழ்க் குரலைத் தேடும். அழுத்திச் சொல்லுதற்குரிய 'இ.எம்.' குறி எழுத்தைச் சாய்த்துக் காட்டும். சாய்வெழுத்துத் தமிழ் அச்சுக்கு இயல்பானதன்று. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அதற்கெனத் தனியுரு இல்லாமையால் உலாவி நேரெழுத்தை வலிந்து சாய்க்கிறது. சி.எஸ்.எஸ். கொண்டு அதனைத் தடித்த எழுத்தாக மாற்றிக்கொள்வது நலம்.

ஆங்கிலத்திற் பயின்ற எம்மனோர்க்கு, 'பி' என்பது பத்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்பது உடனே விளங்கும். தமிழ்ப்பள்ளியிற் பயின்று, பின்னர் மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு அது வெறும் மந்திர அட்சரமாய்த் தோன்றும். பொருளறியாது உருவேற்றியது நெஞ்சில் நில்லாது. குறிகளின் பெயரை மாற்ற நமக்கு உரிமையில்லை. உலகப் பொதுவிதி அது. ஆனால் நாமே சூட்டும் 'கிளாஸ்' பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். விதி அதனைத் தடுக்கவில்லை. 'அறிவிப்பு' என்று தமிழிற் பெயரிட்டு, அப்பெயர்கொண்டே நிறம் வகுக்கலாம். இச்சிறு உண்மையை அறியும் பிள்ளை, இக்கலை அயலார் சொத்தன்று என்று துணிவு கொள்வான்.

இதனை இவ்வளவு வற்புறுத்துவதேன்? இந்நாட்டுத் தமிழர் இத்துறைக்குப் புதியவரல்லர். ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவைத் தேடிப் பொருத்த வேண்டியிருந்த காலத்தில், 1997-ம் ஆண்டு சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' மாநாட்டை முன்னின்று நடத்தினார் நா. கோவிந்தசாமி. 'முரசு அஞ்சல்' என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கியவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். தமிழுக்கு வழி வெட்டியோர் நம்மிடையே தோன்றியிருக்க, நம் இளைஞர் பிறர் ஆக்கிய பக்கங்களை விரலால் தள்ளிப் பார்ப்பதோடு அமைவது பெருமையாமோ? ஒரு தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டபின் அங்கு வாழ்ந்தோர் வரலாற்றை யார் எழுதுவார்? பிறர் நடத்தும் தளத்தில் எழுதி வைத்தால், அவர் கதவடைக்கும் நாளில் அதுவும் மறையும். தாமே பக்கம் ஆக்கத் தெரிந்தோர், எழுதியதைத் தம் கையிலும் வைத்து, வேண்டுமிடத்துக்குக் கொண்டுசெல்வர்.

ஆகவே எமது முடிவு இது. டக்கெட்டின் நூல் வாங்கத்தக்கது. தனியொருவரால் இயலாவிடில் வாசகசாலையோ இளைஞர் சங்கமோ வாங்கிப் பொதுவில் வைக்கலாம். குறிமொழியின் அடிப்படை, பட்டியல், இணைப்பு, படம், நிறம், எழுத்து என்னும் பகுதிகளை ஊன்றிக் கற்க. பிளாஷ் பகுதியைத் தள்ளுக. பக்க அமைப்புப் பகுதியைப் பழைய வரலாறாகப் படித்து, இன்றைய முறையை மொசில்லா நிறுவனத்தாரின் இலவச இணைய விளக்க நூலிற் காண்க. ஒவ்வோர் உதாரணத்தையும் சரியாக எழுதியபின், வேண்டுமென்றே ஒரு குறியை நீக்கி, விளைவு யாதென நோக்குக. டபிள்யூ3சி அமைப்பார் இலவசமாக வைத்திருக்கும் பிழைகாண் கருவியில் அப்பக்கத்தைச் சோதித்துப் பார்க்க.

தமிழறிந்தார் ஒருவர், தமிழ் எழுத்தையே உதாரணமாகக் கொண்டு, பிழை காணும் முறையையும் சேர்த்து, நம் பிள்ளைகளுக்கென ஒரு தொடக்க நூல் இயற்றுவாராயின், அது டக்கெட்டின் நூலைப்போல் வண்ணமயமாயிராவிடினும், நமக்கு அதனினும் பயன்படும்.