மாற்றாமல் எடுக்கும் கை

திருப்பூரில் எந்த ஆஸ்பத்திரியின் லேப் வாசலுக்குக் காலை ஏழு மணிக்குப் போனாலும் ஒரு வரிசை நிற்கும். எட்டரைக்குக் கம்பெனியில் இருக்க வேண்டியவர்கள், நைட் சிப்ட் முடித்து நேராக வந்தவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை பார்க்க வந்த முதியவர்கள் எல்லோரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். உள்ளே ரத்தம் எடுப்பவருக்கு அவர்களிடமிருந்து கிடைக்கும் பாராட்டு அநேகமாக ஒன்றுதான்: "வலியே தெரியாம எடுத்தாங்க." நியாயமான பாராட்டுதான், ஆனால் பாதிதான். ஊசி வலிக்காமல் இறங்கியும் குழாய்க்குள் போன ரத்தம் பொய் சொல்லலாம். கொஞ்சம் வலித்தும் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். உடம்புக்குள் எந்த நிலையில் ஓடிக்கொண்டிருந்ததோ அந்த நிலை கெடாமல் ரத்தத்தை ஆய்வகத்தில் ஒப்படைப்பதுதான் இந்தக் கைவேலையின் உச்சம். வலி தெரியாமல் எடுப்பது அதன் ஒரு பகுதி.

துணியின் கனம் பார்க்க ஜிஎஸ்எம் கட்டரை வைத்து நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டித் தராசில் வைப்பது இந்த ஊருக்குப் பழகிய வேலை. அந்தச் சின்ன வட்டத்தை நம்பி ஒரு லாட்டே நகரும். ரத்த மாதிரியும் அப்படித்தான்: மூன்று மில்லி, ஐந்து லிட்டருக்காகப் பேசுகிறது. ஆனால் வெட்டியதால் துணி மாறிவிடுவதில்லை. ரத்தமோ, எடுக்கிற செயலாலேயே மாறுகிற பொருள். வெளியே வந்ததும் உறையத் தொடங்குகிறது. உயிரோடிருக்கும் அணுக்கள் குழாய்க்குள்ளும் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருப்பதால், தடுப்பு மருந்து சேர்க்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை அளவு குறைகிறது. சிரிஞ்சை வெடுக்கென்று இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். அந்த அறிக்கையைப் படிக்கிற மருத்துவருக்கு, நல்ல சிறுநீரகம் பழுதான சிறுநீரகமாகத் தெரியும். இத்தாலியின் பாதுவா மருத்துவமனையில் மாரியோ பிளெபானியும் பாவோலோ கர்ராரோவும் அவசர ஆய்வகப் பிழைகளைக் கணக்கெடுத்து 1997-இல் வெளியிட்டார்கள். பிழைகளில் 68 சதவீதம், மாதிரி எந்திரத்தில் ஏறும் முன்பே நடந்து முடிந்திருந்தன. அத்தனையும் ரத்தம் எடுத்தவர் தவறு என்று சொல்ல முடியாது. சீட்டு எழுதியதிலும் தவறு உண்டு, கொண்டுபோனதிலும் உண்டு. ஆனாலும் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய அனலைசரைவிட, அதற்கு முந்தைய கைதான் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அந்தக் கணக்கிலிருந்து தெளிவாகிறது.

தேர்ந்த கை எப்படி வேலை செய்கிறது என்று நிதானித்துப் பார்க்க வேண்டும். முழங்கை மடிப்புக்கு நாலு விரற்கடை மேலே ரப்பர் பட்டை கட்டப்படுகிறது. பழகாதவர் கண்ணால் தேடுவார். நீலமாகத் தெரியும் கோட்டை நம்பிக் குத்திவிட்டு, "நரம்பே கிடைக்க மாட்டேங்குது" என்பார். தேர்ந்தவர் ஆள்காட்டி விரலின் நுனியால் அழுத்தி அழுத்தி விடுவார். அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும் சிரையை விரல் கண்டுகொள்ளும். அது தோலில் தெரியவே தெரியாத சிரையாகவும் இருக்கலாம். மடிப்பின் நடுவில் குறுக்காக ஓடுவது முதல் தேர்வு, வெளிப்பக்கத்தில் இருப்பது அடுத்தது. உள்பக்கத்துச் சிரைக்கு அருகிலேயே தமனியும் நரம்பும் போவதால், எவ்வளவு பருமனாகத் தெரிந்தாலும் அதை அவர் கடைசிக்குத்தான் வைத்திருப்பார். ஸ்பிரிட் தடவியபின் முப்பது நொடி காயவிடுவார். ஈரத்தோடு குத்தினால் எரியும். உள்ளே போகும் ஸ்பிரிட் சிவப்பணுக்களை உடைக்கவும் கூடும். துடைத்த இடத்தை மறுபடி தொடுவதில்லை. இடது கைக் கட்டைவிரல் கீழிருந்து தோலை இழுத்துப் பிடிக்க, சிரை நழுவாமல் நிற்கிறது. ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்த்திருக்க, தாழ்வான கோணத்தில் ஒரே போக்காக உள்ளே போகிறது. ரத்தம் வந்ததும் பட்டையை அவிழ்த்துவிடுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைத்தால் நீர் வெளியே கசிந்து ரத்தம் அடர்ந்துபோய், புரதமும் கால்சியமும் கூடுதலாகக் காட்டும். "மூடி மூடித் திறங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் தசையிலிருந்து பொட்டாசியம் ஏறும். அதனால் தேர்ந்தவர் ஒரு தடவை மூடச் சொல்லிவிட்டு, "இப்ப விட்டுடுங்க" என்பார். நோயாளிக்கு அது ஆறுதல் சொல்லாகக் கேட்கும். அதே சொல் மாதிரியையும் காப்பாற்றுகிறது.

அடுத்தது குழாய்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இதில் தனி உரிமையே உண்டு. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ, ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உறையாமல் தடுக்கிறது. கடின நீரின் கால்சியம் சாயத்தைக் கெடுக்காமலிருக்க டையிங் வேலையில் போடும் சீக்வெஸ்டரிங் ஏஜென்டுகளில் ஒன்றும் இதே ஈடிடிஏதான். 1930-களில் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் மியூன்ஸ் இதை உருவாக்கியதே ஜவுளிச் சாயத் தொழிலுக்காக. அதுவரை அந்த வேலைக்கு இறக்குமதி செய்து வந்த சிட்ரிக் அமிலத்துக்கு மாற்றாக. அந்தச் சிட்ரிக் அமிலத்தின் உப்பான சிட்ரேட், நீல மூடிக் குழாயில் இன்றும் ரத்தத்தை உறையாமல் வைத்திருக்கிறது. சாயத்தொட்டிக்கும் ரத்தக் குழாய்க்கும் ஒரே வேதியியல். அளவு பிசகினால் ஷேடு மாறிவிடும் என்று அறிந்த ஊருக்கு இந்தக் குழாய்களின் கண்டிப்பை விளக்க வேண்டியதில்லை. சிட்ரேட் குழாயில் ரத்தம் ஒன்பது பங்கு, மருந்து ஒரு பங்கு. ரத்தம் குறைந்தால் உறையும் நேரம் நீண்டு, இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். குழாய்களை நிரப்பும் வரிசையும் அப்படியே: முதலில் சிட்ரேட், பிறகு சீரம், பிறகு ஹெபாரின், அதன்பின்தான் ஊதா, கடைசியில் சாம்பல் நிற மூடி. வரிசை மாறி ஊதாக் குழாயின் ஈடிடிஏ துளியளவு சீரத்தில் கலந்தாலும், அதிலுள்ள பொட்டாசிய உப்பால் பொட்டாசிய அளவு ஏறிவிடும், கால்சியம் இறங்கிவிடும்.

இந்தக் கண்டிப்பின் அருமை டெங்கு காலத்தில் தெரியும். காய்ச்சலோடு வருகிறவரின் தட்டணு எண்ணிக்கை தினமும் பார்க்கப்படுகிறது. குடும்பமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரத்தம் எடுத்ததும் ஊதாக் குழாயை எட்டுப் பத்துத் தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் அணு உடையும், சும்மா விட்டால் அடியில் கண்ணுக்குத் தெரியாத கட்டிகள் சேரும். தட்டணுக்கள் அந்தக் கட்டிகளில் சிக்கிக்கொள்ள, எந்திரம் மீதியைத்தான் எண்ணும். ஒரு லட்சம் இருக்க வேண்டியவருக்கு முப்பதாயிரம் என்று சீட்டு வரும். உறவினர்கள் ரத்த வங்கிக்கு ஓடுவார்கள். பத்து நொடி மணிக்கட்டு அசைவு அந்த ஓட்டத்தைத் தடுத்திருக்கும்.

எடுக்கும் விதத்தால் ஒரு நாட்டின் புள்ளிவிவரமே மாறிய கதையும் நம்மிடம் உண்டு. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில் விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை வைத்து, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 58.6 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று கணக்கிட்டார்கள். 2016-18 முழுமையான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வக எந்திரத்தில் பார்த்தபோது, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் அது 41 சதவீதமாக இருந்தது. வயது வரம்பும் கருவியும் வேறு என்பது உண்மை. என்றாலும், விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும் என்பதை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாக முன்வைத்தார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று சொன்ன 2019-21 ஆய்வும் விரல்துளியை நம்பியதுதான். பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் பெண்கள் நிறைந்திருக்கும் இந்த ஊருக்கு அது வெறும் எண் இல்லை. சோகை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு என்று சொல்லவும் நல்ல கை வேண்டும் என்பதுதான் செய்தி.

"ஆறு மாதம் படித்தால் யாரும் செய்துவிடலாம், இதையா கலை என்பது?" என்று கேட்கலாம். விதிகளைக் கற்க ஆறு மாதம் போதும். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டி அவற்றை வரிசையாகவே சொல்லிவிடுகிறது. ஆனால் வழிகாட்டியில் உள்ள கை ஒரே கை. திருப்பூரில் நீளும் கைகள் பல. ஒன்றரை சிப்ட் நின்று, தண்ணீர் குறைவாகக் குடித்து, சிரை சுருங்கிப்போன கை. அயர்னிங் மேசையில் காய்த்துத் தடித்த கை. டயாலிசிசுக்கு ஃபிஸ்டுலா போட்டிருப்பதால் தொடவே கூடாத கை. எந்தக் கைக்குப் பட்டர்ஃபிளை ஊசி, எதற்குக் கொஞ்சம் வெந்நீர் ஒத்தடம், எப்போது இரண்டு முயற்சியோடு நிறுத்தி இன்னொருவரை அழைப்பது என்பதெல்லாம் பழக்கத்தில் வரும் தீர்ப்பு. "வெறும் வயித்துல வந்தீங்களா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "காலைல என்ன குடிச்சீங்க?" என்று கேட்டால்தான், "டீ மட்டும்தாங்க" என்ற பதில் வரும். சர்க்கரை போட்ட அந்த டீயோடு எடுக்கும் ரத்தம் வெறும் வயிற்று ரத்தம் ஆகாது.

பெயர் கேட்பதிலும் இதே நுட்பம்தான். "நீங்க குமாரா?" என்று கேட்கக் கூடாது, "பேர் என்னங்க, வயசு என்னங்க?" என்று கேட்டு அவரையே சொல்லவைக்க வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, புரியாத மொழியில் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுகிற தொழிலாளிகள் நிறைந்த வரிசையில் இது உயிர் காக்கும் இலக்கணம். மேற்கு ஒடிசாவில் அரிவாள் அணு ரத்தசோகை அதிகம். அப்பகுதியிலிருந்து வந்த ஒருவரின் குழாயில் இன்னொருவர் பெயர் ஒட்டிவிட்டால், இருவருக்குமே தவறான வைத்தியம். ஆகவே குழாயில் லேபிள் ஒட்டுவது எடுத்த பிறகு, அதே ஆளின் எதிரில். முன்கூட்டியே ஒட்டி அடுக்கி வைத்திருப்பது சுறுசுறுப்புப் போலத் தெரியும்; என் கணக்கில் அதுதான் இந்தத் தொழிலின் ஆகக் கெட்ட பழக்கம்.

கருவிகள் வந்துவிட்டால் கைக்கு வேலை இல்லை என்பது இன்னொரு வாதம். அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிச் சிரைகளைத் தோல்மேல் படமாகக் காட்டும் கருவி வந்திருக்கிறது, குழந்தைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் சிரை எங்கே என்றுதான் அது காட்டும். குத்தினால் தாங்குமா, நழுவுமா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். பட்டையை எப்போது அவிழ்ப்பது என்பதும் குழாயை எப்படிக் கவிழ்ப்பது என்பதும் அதன் வேலையே இல்லை. வெற்றிடக் குழாய்கள் வந்தபோது சிரிஞ்சை இழுக்கும் விசை ஓரளவு கட்டுக்குள் வந்தது உண்மை. அதன் பிறகும் அணு உடைந்த மாதிரிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ரசிகன் பார்க்க முடியாத ஒன்றை எப்படி ரசிப்பது என்பதுதான் எனக்குக் கனமாகப் படும் கேள்வி. சிற்பியின் உளிவேலை கல்லில் நிற்கிறது. இங்கே சிறந்த வேலைக்குத் தடயமே கிடையாது, பிசகினால்தான் கையில் நீலம் பாரித்து நிற்கும். ஆனால் ஆய்வகத்துக்குள் ஓர் ஏடு இருக்கிறது. உறைந்தது, அணு உடைந்தது, அளவு போதாது, பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிய மாதிரிகளை அதில் எழுதிவைக்கிறார்கள். ஐஎஸ்ஓ 15189 தரச்சான்று கேட்கும் ஆய்வகங்கள் இந்தக் கணக்கைக் கண்காணித்தே ஆக வேண்டும். இந்தக் கலைக்கு எழுதப்படும் விமர்சனம் அதுதான். மாதம் முழுக்க ஆயிரக்கணக்கில் எடுத்தும் அந்த ஏட்டில் தன் பேர் ஏறாத ஒருவர் எந்த ஆஸ்பத்திரியிலும் இருப்பார். திருப்பூரில் நல்ல கட்டிங் மாஸ்டரை எந்தக் கம்பெனியும் விட்டுக்கொடுக்காது, கூடுதல் சம்பளம் கொடுத்தாவது வைத்துக்கொள்ளும். ரத்தம் எடுக்கும் அந்த ஒருவரையோ, அதே ஆஸ்பத்திரி ஆரம்பச் சம்பளத்தில், மணிக்கு இத்தனை பேர் என்ற அவசரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. ஸ்பிரிட் காய்வதற்கான முப்பது நொடியையும் குழாயைக் கவிழ்ப்பதற்கான பத்து நொடியையும் அந்த அவசரம்தான் முதலில் பறிக்கிறது.