எண்ணிக்கையும் கனியும்: நாகர் பாப்திஸ்து திருச்சபை வரலாற்றைக் குறித்து ஒரு திறனாய்வு

அருட்பணி ஞாயிறு வரும்போதெல்லாம் நம் பிரசங்க பீடங்களில் நாகாலாந்தின் பெயர் ஒலிக்காமல் இராது. 1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு நூற்றுக்கு ஏறக்குறைய 46 பேர் கிறிஸ்தவர். 2011-இல் நூற்றுக்கு ஏறக்குறைய 88 பேர். இவ்வெண்களை எடுத்துரைத்து, கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள சபையாரை நோக்கி, உங்கள் கனி எங்கே என்று வினவுவது எளிது. ஆனால் அவ்வரலாறு எவ்வாறு எழுதப்பட்டு வந்திருக்கிறது, எவற்றை முன்னிறுத்துகிறது, எவற்றை மறைக்கிறது என்று ஆராயாமல் அதை அளவுகோலாகக் கொள்வது தகாது என்று கருதுகிறோம்.

முதலாவது, தொடக்கத்தைப் பற்றியது. நாகர் திருச்சபையின் தந்தை யார் என்றால், அமெரிக்க மிஷனெரி எட்வர்டு வின்டர் கிளார்க் என்ற விடையே உடன் வரும். ஆயினும் அவருடைய துணைவியார் மேரி மீட் கிளார்க் 1907-இல் வெளியிட்ட 'எ கார்னர் இன் இந்தியா' என்னும் நூலே வேறொருவரையும் நமக்குக் காட்டுகிறது. அவர் கோதுலா என்னும் அசாமிய உபதேசியார். சிப்சாகருக்கு வந்திருந்த ஆவோ நாகரோடு பழகி மொழி கற்று, கிளார்க்குக்கு முன்பே மலையேறி, உளவாளி என்ற ஐயத்தினால் காவலில் வைக்கப்பட்டு, பாடியும் பேசியும் அம்மக்களின் மனத்தை வென்றவர் அவர். 1872 நவம்பரில் சிப்சாகரில் திருமுழுக்குப் பெற்ற ஒன்பது பேரும் அவருடைய உழைப்பின் முதற்பலன். அதே ஆண்டு டிசம்பரில் மொலுங்கிமோங் என்ற ஊரில் பதினைந்து பேருக்குக் கிளார்க் திருமுழுக்கு அளித்தார். மூலநூல் மறவாத இம்மனிதரைப் பிற்காலச் சுருக்கங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

கடலூரில் வாழும் நமக்கு இக்குறை புதிதன்று. தரங்கம்பாடியில் 1733 டிசம்பரில் குருப்பட்டம் பெற்று, இந்தியரில் முதல் புராட்டஸ்தாந்து குருவாக விளங்கிய ஆரோன், கடலூரில் பிறந்தவர். சீகன்பால்குவை அறிந்த நம் சபைப் பிள்ளைகளுள் ஆரோனை அறிந்தவர் எத்தனை பேர்? கோதுலாவை மறந்த வரலாறும் ஆரோனை மறந்த வரலாறும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை.

இரண்டாவது, வளர்ச்சியின் காரணங்களைப் பற்றியது. ஆவியானவரின் செயல் என்று கூறி முடித்துவிடுவது பக்தியாகத் தோன்றினும், ஆவியானவர் எவ்வழிகளில் செயலாற்றினார் என்று கேட்பதும் இறையியலின் கடமையே. ஆவோ மொழிக்கு எழுத்து வடிவம் அமைந்தது. 1894-இல் இம்பூரில் நிறுவப்பட்ட நிலையம் கல்விக்கு மையமாயிற்று. 1911-இல் கிளார்க்கின் ஆவோ அகராதி வெளிவந்தது. ஊர் ஒன்றாகக் கூடி முடிவெடுக்கும் வழக்கமும் துணைநின்றது. எனினும் தொடக்கம் பிளவின்றி நிகழவில்லை. மொலுங்கிமோங்கில் எழுந்த பூசலினால், 1876-இல் கிளார்க்கும் புதிய விசுவாசிகளும் பிரிந்துபோய் மொலுங்யிம்சென் என்ற புதிய ஊரை அமைக்க வேண்டியதாயிற்று.

தென்னாற்காட்டின் நிலை வேறு. சாதிச் சிக்கலின் காரணமாக லைப்சிக் மிஷனை விட்டு விலகிய கார்ல் ஓக்ஸ், 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் பணி தொடங்கினார். அதிலிருந்து டேனிஷ் மிஷனின் பணி விரிந்து, ஆற்காடு லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. இங்கு ஊர் என்பது ஊரும் சேரியுமாகப் பிளந்து கிடந்தது. திருமுழுக்குப் பெற்றவன் ஊரின் முடிவோடு வரவில்லை, ஊரின் பகையைச் சுமந்து வந்தான். இவ்விரு நிலங்களின் விளைச்சலை ஒரே மரக்காலால் அளப்பது நீதியாகாது.

மூன்றாவது, இழப்பைப் பற்றியது. வாலிபர் கூடி வாழ்ந்து கற்ற பொது இல்லங்கள், விருந்து விழாக்கள், பழம்பாடல்கள், அரிசிக் கள் ஆகியவற்றைப் புதிய சபை விலக்கியது. ஆட்சி அலுவலராக இருந்த ஜே. பி. மில்ஸ், 1926-இல் ஆவோ நாகரைப் பற்றி எழுதிய நூலில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய நோக்கில் பழமையை அப்படியே காக்கும் ஆர்வம் மிகுந்திருந்தது. தலைவேட்டையின் அச்சத்தினின்று விடுபட விரும்பிய மக்களின் உள்ளத்தை அவர் போதிய அளவு எண்ணவில்லை எனலாம். இருப்பினும், எது விக்கிரக வழிபாடு, எது வெறும் வழக்கம் என்று பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ஒருங்கே களைந்தனர் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட இயலாது.

நான்காவதும் தலையாயதும், கனியைப் பற்றியது. 1937-இல் நாகமலைப் பாப்திஸ்து சபை மன்றமாகத் தோன்றி, 1953-இல் நாகாலாந்து என்ற பெயரை ஏற்ற மன்றம், 1950-களில் அந்நிய மிஷனெரிமார் வெளியேறியபின் போரின் நடுவே தனித்து நின்றது. 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வோக்காவில் கூடிய மாநாட்டில், இருதரப்பாரும் ஏற்கத்தக்க சமாதானத் தூதுக்குழுவை அது நாடியது. ஜெயப்பிரகாஷ் நாராயண், பி. பி. சாலிஹா, மைக்கேல் ஸ்காட் ஆகியோர் பொறுப்பேற்றனர். செப்டம்பர் 6-இல் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. பேச்சு நிலைக்கவில்லை, 1966-இல் ஸ்காட் நாட்டினின்று வெளியேற்றப்பட்டார். மன்றத்தின் லோங்ரி ஆவோ போன்றோர் பின்னரும் தளரவில்லை. அவர்கள் துணைநின்ற 1975-ஆம் ஆண்டு ஷில்லாங் ஒப்பந்தமோ நாகரிடையே புதிய பிளவையும் உண்டாக்கியது. ஆகவே இது வெற்றிக் கதையன்று. ஆயினும், இருதரப்பாராலும் ஐயுறப்பட்டும் நடுவே நின்ற இத்திருப்பணியே அம்மன்றத்தின் சிறந்த கனி என்று துணிந்து சொல்வோம். திருமுழுக்குக் கணக்கை முன்வைத்து இதைப் பிற்சேர்க்கையாக்கும் வரலாறு தலைகீழானது. அவ்வாறே, மன்றத்தின் வற்புறுத்தலால் 1989-இல் வந்த மதுவிலக்குச் சட்டத்தைப் பெரும் சாதனையாகப் போற்றுவோரையும் நாம் எச்சரிக்கிறோம். அருள் ஆற்றவேண்டிய பணியைச் சட்டத்தினிடம் ஒப்படைத்தபின்னும் கள்ளச் சாராயம் ஒழியவில்லை.

ஆகவே, நாகர் திருச்சபை நமக்கு விடுக்கும் வினா, எத்தனை பேர் என்பதாக இராது; யாருக்கு அயலானாக நின்றீர்கள் என்பதாகவே இருக்கும். சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரத்துக் கழிமுகத்தில் இருளர் வாழ்கின்றனர். சேற்று நீரில் கையால் துழாவி இறால் பிடித்து உண்போர் அவர்கள். பழங்குடிச் சான்றிதழுக்காக நெடுங்காலம் அலைந்தவர்கள். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தாக்கிய கரையோரத்தினர். வடகிழக்கின் பழங்குடியாரைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கிக்கும் நம் சபைகள், பேருந்தில் ஒரு மணிக்குள் சென்றடையத்தக்க இப்பழங்குடியாரின் நில உரிமைக்கும் பள்ளிக்கும் குரல் கொடுத்தனவா? அவர்களைச் சபைக் கணக்கில் சேர்க்கும் நோக்கமின்றிக் குரல் கொடுக்க ஆயத்தமா?

தாவீது ஜனத்தைத் தொகையிட்டது ஏன் பாவமாக எண்ணப்பட்டது என்பதை நம் மாணவர் வேதபாட வகுப்பில் விவாதிக்கின்றனர். அருட்பணி வரலாற்று வகுப்பிலும் அவ்விவாதம் நிகழவேண்டும்.