எண்ணெயின் பிடி

ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கைகுலுக்குவது எண்ணெய்தான். டார்க் கன்வெர்ட்டர் என்ற அந்த உருண்டைக்குள் ஒரு விசிறி எண்ணெயை வீசுகிறது. எதிர் விசிறி அதை வாங்கிச் சுழல்கிறது. நடுவிலுள்ள ஸ்டேட்டர், திரும்பிவரும் எண்ணெயை மடக்கி மறுபடி உந்துகிறது. புறப்படும் கணத்தில் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகும் ரகசியம் இதுவே. ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோட்டிங்கர் இதை முதலில் யோசித்தது கப்பலுக்காக என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அமெரிக்க டிராக் பந்தயக்காரர்களுக்கு ஆலைக் கன்வெர்ட்டர் போதாது. பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட வி8 இன்ஜின், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் தூங்கி வழியும். 3,500-ஐத் தொட்டால்தான் உயிர் வரும். அதுவரை இன்ஜினை வழுக்கவிடுவதே ‘ஹை ஸ்டால்’ கன்வெர்ட்டரின் வேலை. உருண்டையின் விட்டத்தைச் சுருக்கி, தகடுகளின் கோணத்தை மாற்றினால் ஸ்டால், அதாவது இன்ஜின் வழுக்கியபடி எட்டும் சுற்று, ஏறும். 1950-இல் வந்த, இரண்டே கியருள்ள ஷெவர்லே பவர்கிளைடு இன்றும் பந்தயத் தடத்தில் ஓடுகிறது. விட்டுப்போன கியரின் குறையைக் கன்வெர்ட்டர் ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது.

வழுக்கல் என்றால் சூடு. பெரிய ஆயில் கூலர் இல்லாமல் ஹை ஸ்டால் கன்வெர்ட்டரைத் தொடவே கூடாது. கடைத்தெரு நெரிசலில் அதைப் பூட்டிய கார் கொஞ்சம் அசடுதான்: இரைச்சல் முன்னே போகும், வண்டி பின்னே வரும். பச்சை விளக்கு எரிந்து பிரேக்கை விட்டதும் முதுகு இருக்கையில் அறையும்போது அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது?