ஜாஸ் இசையும் பெண்களின் உழைப்பும்

ஜாஸ் இசையில் பெண்களின் பங்கினைப் போற்றுவோர் பலர் பாடகியரின் பெயர்களைச் சொல்லி அமைந்துவிடுகின்றனர். பில்லி ஹாலிடேயின் மேதைமையை நாம் மறுக்கவில்லை. ஆயின், பெண்குரலை இயற்கையின் கொடையென வியந்த சமூகம், வாத்தியம் பயின்ற பெண்ணின் உழைப்பை ஏன் மறந்தது?

1923இல் கிங் ஒலிவர் குழுவின் இசைத்தட்டுகளில் பியானோ வாசித்தவர் லில் ஹார்டின். ‘ஹொட் ஃபைவ்’ குழுவிலும் அவர் வாசித்தார், உருப்படிகளும் இயற்றினார். வரலாறோ அவரை லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் மனைவியென்றே பெரிதும் அறிமுகஞ் செய்தது.

மிசிசிப்பி மாநிலத்தில், வறிய கறுப்பினப் பிள்ளைகள் பயின்ற பாடசாலையொன்றிற்கு நிதி திரட்டும் பொருட்டு 1937இல் தோன்றியது ‘இன்டர்நஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஒஃப் ரிதம்’ என்னும் மகளிர் குழு. பின்னர் அது தொழின்முறைக் குழுவாக வளர்ந்தது. பல இனப் பெண்கள் அதில் ஒருங்கே வாசித்தனர். நிறவொதுக்கல் சட்டங்கள் நிலவிய தென்மாநிலங்களில் அவர்கள் பஸ்ஸிலேயே உண்டு உறங்கினர். வெள்ளையினப் பெண்கள் பொலிசாருக்கு அஞ்சி முகத்திற் கருமை பூசி மேடையேறினர். ஒருங்கிருந்து வாசித்தலே அங்கு குற்றமாயிற்று.

இசைக் கலைஞர் பொதுத் தொகுப்புகளிலிருந்தே உருப்படிகளைக் கற்கின்றனர். தொகுப்பில் இடம்பெறாதது வாசிக்கப்படுவதில்லை, வாசிக்கப்படாதது மறக்கப்படுகின்றது. இதனை உணர்ந்த ட்ரம்ஸ் கலைஞர் டெரி லின் கரிங்டன், 2018இல் பொஸ்டனின் பேர்க்லி இசைக் கல்லூரியில் ஜாஸ் இசைக்கும் பால்நிலை நீதிக்குமான நிறுவகத்தைத் தொடக்கினார். 2022இல் பெண்கள் இயற்றிய 101 உருப்படிகளைத் தொகுத்து வெளியிட்டார்.

பாராட்டுரைகளிலும் இத்தகைய பாடநூலே பயனுடைத்து என்பது நமது துணிபு.